ரேடியோ கேட்கவே லைசென்ஸ் கட்டினோம், இனி பேசலாமா?



சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் குழுக் கூட்டத்தில் பேச்சு ரேடியோ பக்கம் திரும்பியது. "எங்க வீட்டு ரேடியோவுக்கு லைசென்ஸ் புக் இருந்துச்சு. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல போய்ப் பணம் கட்டணும்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். இளம் உறுப்பினர்கள் நம்பாமல் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. 1980-களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் நீங்கியது.

ஏன் அப்படி? வெள்ளைக்காரர் காலத்து 1885 தந்திச் சட்டம், தந்தி நடத்தும் உரிமையை அரசின் கையில் மட்டும் கொடுத்தது. பின்னால் வந்த ரேடியோவும் டி.வி.யும் அதற்குள்ளேயே அடங்கின. சுதந்திரத்துக்குப் பிறகும் இதே நிலைதான். 1975 நெருக்கடி நிலையில் அரசு விரும்பியதே செய்தியானது.

1990-களில் தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. கேபிள்காரர் பதிவு செய்துதான் தொழில் நடத்த வேண்டும் என்று 1995-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டு, கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு சொன்னது: அலைவரிசை பொதுச்சொத்து; அதைப் பொதுநன்மைக்காக முறைப்படுத்தலாம், யாரும் ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது. 1997-ல் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதியின் கீழ் வந்தன.

"பொதுச்சொத்துன்னா நமக்கும் பங்கு உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு! அதற்குப் பெயர் சமுதாய வானொலி. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது. 2006 முதல் லாப நோக்கமில்லாத அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்று, குறைந்தது 3 ஆண்டு சேவை செய்திருக்க வேண்டும். இன்றைய தெலங்கானாவில், ஜஹீராபாத் அருகே, நம்மைப் போலச் சங்கமாகச் சேர்ந்த தலித் பெண்கள் 2008-ல் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினார்கள்.

கட்டுப்பாடுகளும் உண்டு. சொந்தமாக அரசியல் செய்தி வாசிக்கக் கூடாது. ஆனால் தண்ணீர், மின்தடை, வேலைவாய்ப்பு, உடல்நலம், உள்ளூர் விழா பற்றியெல்லாம் பேசலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குத்தான் கேட்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அவ்வளவு தூரம்தானே!

மில் ஷிப்டுக்குப் போகிற பெண்ணின் கஷ்டத்தை வெளியூர் ஸ்டேஷன் பேசுமா? நாம்தான் பேச வேண்டும். செலவு, இடம், பயிற்சி எல்லாம் யோசிக்க வேண்டியவைதான். அடுத்த கூட்டத்தில், "மைக் கிடைத்தால் முதலில் எதைப் பேசுவோம்?" என்று ஒவ்வொரு குழுவும் கலந்து பேசி, தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள்.