மலை மிளகும் கடல் மிளகும்

மிளகு ரசம் கொதிக்காத அடுக்களை, கடல் கடந்து வாழும் நம் இல்லங்களில் ஒன்றுகூட இராது. சளி பிடித்த குழந்தைக்குப் பாலில் ஒரு சிட்டிகை, வெண்பொங்கலுக்கு ஒரு கரண்டி, விருந்துக்கு மறுநாள் ரசத்தில் இன்னும் சற்று என நாள்தோறும் அது நம் கைக்கு வந்தவண்ணம் இருக்கிறது. அது எந்த மலையில் காய்த்தது என்று நாம் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. சொல்லப் புகுந்தால் அது ஒரு நீண்ட கதையாகிவிடும்.

தேனி மாவட்டத்துக் கூடலூரைக் கடந்து மலையேறினால் குமுளி. இடுக்கி மாவட்டத்தின் வாயில் அது. வைகறையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் பெண்மக்களை ஏற்றிக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு விரைகின்றன. கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் இதே காட்சிதான். நாள்தோறும் வந்து திரும்புவோர் ஒருபுறமிருக்க, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, உடும்பன்சோலைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் பல. அவர்களுள் கையகல நிலம் உடையார் வீட்டோரத்து முருக்க மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டிருப்பர்.

அக்கொடி அவர்களுக்கு வங்கிக் கணக்கு என்றே சொல்லலாம். மார்கழி தொடங்கி மாசி வரை மூங்கில் ஏணி சாய்த்துப் பறிப்பர். பாயில் பரப்பி வெயிலில் உலர்த்துவர். பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும். நன்கு காய்ந்த மிளகு கெடாது. ஆகவே விலை குறைந்த நாளில் சாக்கில் கட்டி வைத்து, மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ தேவை வரும்போது எடுத்து விற்பர். பெட்டியில் நகை இருப்பது போல வீட்டு மூலையில் மிளகு மூட்டை இருக்கும்.

இவ்வாணிபம் நேற்றுத் தோன்றியதன்று. மலை மிளகு பொதிமாடுகளின் முதுகில் கணவாய்கள் வழியே பாண்டி நாட்டிற்கும், பாலக்காட்டு இடைவெளி வழியே கொங்கு நாட்டிற்கும் இறங்கியது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, மிளகு மூட்டைகளையும் ஈழத்து உணவையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பிற்காலத்தில் இதே பாலக்காட்டு வழியில் வாளையாற்றுச் சோதனைச் சாவடி எழுந்தது. லாரிகள் அங்கே மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததை அவ்வழி சென்றோர் மறந்திரார். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அங்கிருந்த வணிகவரிச் சோதனை நீங்கியது. உள்நாட்டுச் சாவடி ஒருவாறு ஒழிந்தது. நம் கதைக்கு உரியதோ கடல்வழியே வந்த மிளகு.

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-இல் தடையற்ற வாணிப உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. 2000 மார்ச் முதல் அது செயலுக்கு வந்தது. மிளகு இறக்குமதிக்கு இந்தியா விதித்திருந்த பொது வரி நூற்றுக்கு எழுபது. இலங்கை மிளகிற்கோ அவ்வரி நீங்கியது. பின்னர் ஆண்டுக்கு 2,500 டன் வரை மட்டும் வரியில்லை என வரம்பு கட்டினர்; அதற்கு மேற்பட்டதும் தெற்காசிய உடன்படிக்கையின்படி நூற்றுக்கு எட்டு என்னும் சிறு வரியோடு வரலாயிற்று.

இலங்கை மிளகு இழிந்த சரக்கு என்று எவரும் எண்ண வேண்டா. மாத்தளை, கண்டிப் பகுதிகளில் விளையும் அது காரச்சத்து மிகுந்தது. சத்துப் பிழியும் ஆலைகள் அதனை விரும்பி வாங்குகின்றன. அங்கும் அதை வளர்ப்போர் பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களே. அவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. இருக்கவும் முடியாது. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுள் ஒரு பகுதியினர், வண்டிப்பெரியாற்றை அடுத்த கவியில் கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். மலையகத்தில் சுற்றம் உடைய அவர்களிடம் சென்று, இலங்கைச் சரக்கு இடுக்கியைக் கெடுக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் உலகிலேயே மிகுதியாக மிளகு விளைவிக்கும் நாடாயிற்று. 2009-இல் தென்கிழக்காசிய நாடுகளோடு உடன்படிக்கை ஏற்பட்டபோது அதை எதிர்த்துக் கேரளத்தில் மனிதச் சங்கிலி அமைத்தனர். அவ்வுடன்படிக்கைக்குப் பின்னும் வியட்நாம் மிளகிற்கு நேர்வழியில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் வரி இருந்தது. கொழும்பு வழியே இலங்கைச் சான்றிதழோடு வந்தால் வரி எட்டு. அல்லது அதுவும் இல்லை. இந்த வேறுபாடு வணிகர் கண்ணுக்குத் தப்புமா? இலங்கைப் பெயரில் வியட்நாம் சரக்கு வருகிறது என்று கேரள உழவர்கள் ஆண்டுதோறும் முறையிட்டனர். மாநில அரசு முறையிடலாம். வரி விதிக்கும் அதிகாரம் தில்லியிடம் உள்ளது. மிளகு விளையும் மண் ஓரிடம், அதன் தலையெழுத்தை எழுதும் மேசை வேறிடம்.

2015-ஆம் ஆண்டை ஒட்டிக் கிலோ அறுநூறு ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு சரியத் தொடங்கியது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யலாகாது என விலை வரம்பு விதித்தது; 2018 மார்ச்சில் அவ்விலைக்குக் குறைந்த மிளகின் இறக்குமதியைத் தடை செய்யப்பட்டதாகவே அறிவித்தது. உழவர்கள் சற்று மூச்சு விட்டனர். ஆயினும் விலை எழவில்லை; நானூறுக்கும் கீழே போயிற்று. ஏற்றுமதிக்கென்று இறக்குமதி செய்யும் ஆலைகளுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. குறைந்த விலைக்கு வாங்கிய சரக்கிற்கு ஐந்நூறு என்று சீட்டெழுதி இறக்குகின்றனர் என்னும் முறையீடும் எழுந்தது. வேலி உயரமானதுதான், அதில் படலும் வைத்தே கட்டியிருந்தார்கள் போலும்!

அதே 2018 ஆகஸ்டில் பெருவெள்ளமும் மண்சரிவும் இடுக்கியைத் தாக்கின. ஈரம் மிகுந்தால் மிளகுக் கொடியை வாட்டநோய் பற்றும். மறு ஆண்டு ஏலக்காய் விலை, புற்றடி ஏல நிலையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டது. வாடிய கொடிகளுக்குப் பதில் ஏலம் நட்டோர் பலர்.

குமுளியை அடுத்த ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவர் நமக்குச் சுக்குக் காப்பி தந்து பேசினார். கம்பத்திலிருந்து தந்தையாரோடு சிறுவனாக மலையேறியவராம். விலை ஏறும் ஏறும் என்று மூன்று ஆண்டு விளைச்சலைக் கட்டி வைத்திருந்து, பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காக அடிமட்ட விலையில் விற்றதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கூட்டுறவு வங்கிக் கடன் பற்றிக் கேட்டபோது சிரிப்பு நின்றது.

2024-இல் மிளகு மீண்டும் அறுநூறைத் தாண்டியது. அச்செய்தியை நாம் மகிழ்வோடு எடுத்துரைத்தோம். அவர் எழுந்து வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார். ஏலச் செடிகளுக்கிடையே முருக்க மரங்கள் வரிசையாய் நின்றன. அவற்றுள் கொடி ஏறியிருந்தவை பதினொன்று. இரண்டில் இலை பழுத்திருந்தது. அவற்றை இந்த மழைக்குள் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, குனிந்து ஒரு கொடியின் தூரில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.