ஆரம்பப் பாடசாலைக்கு வாசிப்பு நூல்கள் தெரிந்தெடுத்தல்

ஐக்கிய நாணயச் சங்கங்கள் தர்ம காரியங்களுக்கு உதவுவது புதிதன்று. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டமே, நிகர லாபத்தில் நாலிலொரு பங்கைச் சேமநிதியில் சேர்த்தபின், மிகுதியில் நூற்றுக்குப் பத்து வரையில் ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் அவ்வாறு செலவிட இடந்தந்தது. அத்தகைய பணத்தில் பாடசாலைக்கு நூல்கள் வாங்கப் புகும் அங்கத்தினர்கள் அட்டையின் மினுமினுப்பைக் கண்டு மயங்கலாகாது. வாசிக்க இயலாத நூல்களிடையே சில வருஷங்கள் கழித்த பிள்ளை, பின்னர்க் கடன் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கவும் நேரும்.

தமிழெழுத்துக்கள் 247-ஐயும் கற்ற பின்னரே வாசிக்கத் தொடங்கவேண்டுமென்பதில்லை. ப, ம, ட, ர, ட், ம் என்னும் ஆறெழுத்துக்களைக் கொண்டே படம், மடம், மரம், பட்டம், மட்டம் என்பன அமைகின்றன. ஆகையால் முதல் வகுப்பு நூலில் சில எழுத்துக்களே திரும்பத் திரும்ப வருதல் வேண்டும். சந்தி சேர்த்து நீளமாக அச்சிட்ட சொற்கள் குழந்தையைத் திகைக்கச் செய்யும். "மரத்தின்மேலேறினான்" என்பதனினும் "மரத்தின் மேல் ஏறினான்" என்பதே நன்று. "வந்துக்கிட்டிருக்கு" என்று பேசும் பிள்ளைக்கு "வந்துகொண்டிருக்கிறது" என்பது ஏறக்குறைய வேற்று மொழியே. அதனை உபாத்தியாயர் முதலில் வாய்விட்டு வாசித்துக் காட்டல் அவசியம்.

வாங்குமுன் ஒரு பக்கத்தை அவ்வகுப்புப் பிள்ளையைக் கொண்டே வாசிக்கச் செய்க. ஐந்தாறு சொற்களில் தடுமாறினால் அந்நூல் மேல் வகுப்புக்குரியது. பீரோவில் பூட்டிவைத்தல் கூடாது. கிழியும் பிரதிகளை மாற்ற வருஷந்தோறும் சிறு தொகை ஒதுக்கிவைக்கலாம்.