அடிபிடி வழக்கும் இணக்கமும்

மாரி மழை தொடங்கியதும் ஊரில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடைபெறும். ஒன்று விதைப்பு, மற்றது வேலிச் சண்டை. எல்லையில் நின்ற பூவரசங் கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டிருக்கும். மேல் வயல்காரர் வாய்க்காலை மறித்திருப்பார். கட்டாக்காலி மாடு இளம் பயிரில் இறங்கியிருக்கும். வாய்ப்பேச்சு முற்றி மண்வெட்டிப் பிடியால் ஓர் அடி விழும். பல ஆண்டுகள் இடம்பெயர்ந்திருந்து காணிக்குத் திரும்பிய குடும்பங்களிடையே இத்தகைய சண்டைகள் கூடுதலாக ஏற்படுவதில் வியப்பில்லை. எல்லைக் கல் இல்லை, வேலி இல்லை, உறுதி தொலைந்துவிட்டது, எல்லை எதுவென்று சொல்லக்கூடிய பெரியவர்களும் இல்லை. நலன்புரி நிலையத்திலும் உறவினர் வளவிலும் இருப்போருக்குக் காணி கூடத் தேவையில்லை. தண்ணீர்க் குழாயடியே சண்டைக்குப் போதும்.

அடி விழுந்தபின் எம்மவரிடையே இரண்டு நம்பிக்கைகள் உண்டு. அடித்தவன் நேரே மறியலுக்குப் போவான் என்பது ஒன்று. கோட்டுக்குப் போனால் காணி விற்றும் வழக்கு முடியாது என்பது மற்றது. பெரும்பாலான அடிபிடி விவகாரங்கள் இந்த இரண்டு விதமாகவும் முடிவதில்லை. அவை இணக்கத்தில் முடிகின்றன. அது எப்படிப்பட்ட இணக்கம் என்பதில்தான் நாம் கவனமாக இருக்கவேண்டும்.

முதற் காரியம் பொலிஸ் முறைப்பாடு. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழே. ஆகவே முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டு, சரியென்று கண்டபின்னரே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வைத்தியசாலை. "சின்னக் காயம்தானே" என்று எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டால், ஒரு கிழமையில் வீக்கம் வற்றிவிடும். அத்துடன் சாட்சியமும் வற்றிவிடும். பொலிஸார் தரும் படிவத்துடன் சென்று, யார், எதனால், எந்த இடத்தில் அடித்தார் என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வழக்கின் போக்கை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்த வைத்திய அறிக்கையே.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை காயத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. சாதாரண காயம் ஒன்று, கடுங்காயம் மற்றொன்று. எலும்போ பல்லோ முறிதல், கண் பார்வையையோ செவிப் புலனையோ நிரந்தரமாக இழத்தல், இருபது நாட்கள் கடும் வேதனையில் கிடத்தல் அல்லது வழமையான தொழிலைச் செய்யமுடியாதிருத்தல் என்பன கடுங்காயத்தில் அடங்கும். ஆகவே ஒரு பல் போவது சிறிய விடயமன்று. வேண்டுமென்று சாதாரண காயம் விளைவித்தவருக்கு 314ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை மறியல் விதிக்கலாம். கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 315ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை. கடுங்காயமாயின் 316ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை செல்லும்.

சாதாரண காயமென்றால் விடயம் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகும். முன்னர் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இணக்க சபைகள் இருந்தன. அரசியல் செல்வாக்கு அவற்றுள் புகுந்து கெடுத்தது. 1978இல் அவை நீக்கப்பட்டன. அதன்பின் வந்ததே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டம். போர்க்காலத்தில் எமது பகுதிகளில் பல இடங்களில் நீதிமன்றமே இயங்காதிருந்தபடியால் இந்தச் சபைகளை எம்மவரில் பலர் பிந்தியே அறிந்தார்கள். சபை இயங்கும் பிரதேசத்தில், சட்டத்தின் அட்டவணையிலுள்ள குற்றங்களுக்கு, இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது.

சபை பொதுவாக வார இறுதியில் ஒரு பாடசாலையிலோ பொதுமண்டபத்திலோ கூடும். மத்தியஸ்தர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள், சம்பளம் இல்லை. மூவர் அமர்வார்கள். இரு தரப்பும் ஆளுக்கொருவரைத் தெரிவு செய்யலாம். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது, நீங்களே பேசவேண்டும். அங்கே சொன்னதைப் பின்னர் நீதிமன்றில் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாகக் காட்ட முடியாது. ஆகவே மனந்திறந்து பேசலாம்.

முக்கியமான விடயம் இதுதான்: சபைக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. குற்றப்பணம் அறவிடவோ, "சமாதானமாகப் போ" என்று கட்டளையிடவோ அதற்கு இயலாது. நீங்கள் சம்மதித்தால் மட்டுமே இணக்கம். சம்மதமில்லையென்றால் சான்றிதழைக் கேளுங்கள்; அது உங்கள் உரிமை. மற்றத் தரப்பு வராமலே இருந்தாலும் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். இணங்குவதாயின் மருந்துச் செலவையும் வேலைக்குப் போகாத நாட்கூலியையும் கணக்கிட்டுக் கேளுங்கள். பணம் சபை முன்னிலையிலேயே கைமாறுவது நல்லது. "அறுவடைக்குப் பிறகு தாறேன்" என்ற வாக்கை நம்பினால் அறுவடையன்று அடுத்த சண்டை தொடங்கும்!

வழக்கு நீதவான் நீதிமன்றம் சென்றபின்னும் இணக்கத்துக்கு வழியுண்டு. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 266ஆம் பிரிவு, காயப்பட்டவரின் சம்மதத்துடன் சில குற்றங்களைச் சமாதானப்படுத்த இடமளிக்கின்றது. அதன் விளைவு, எதிரி விடுதலையானதற்குச் சமம். இதை அறியாமல் கையொப்பமிட்டுவிட்டு, பின்னர் "திரும்ப வழக்கை எடுங்கோ" என்று அலைவோர் உண்டு. சமாதானம் இல்லையெனில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்துடனோ ஒத்திவைத்த மறியலுடனோ முடிவதும் உண்டு. காயப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கும்படி நீதவான் கட்டளையிடலாம். தவணைக்குப் போகாதிருப்பதே முறைப்பாட்டாளர் செய்யும் பெரிய தவறு. கூலிவேலையை விட்டு, பஸ்ஸுக்குப் பணம் தேடிப் போவது இலேசல்ல என்பதை அறிவோம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை அணுகலாம்.

அடிபிடிக்குக் காரணம் காணியாக இருக்கும்போது, காயத்துக்கு நட்டஈடு வாங்கினாலும் கதியால் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இருக்கின்றது. காணிப் பிணக்கால் சமாதானக் குலைவு ஏற்படக்கூடுமாயின் பொலிஸார் நீதிமன்றுக்குத் தகவல் கொடுக்கலாம். பிணக்கில் சம்பந்தப்பட்டவரும் சத்தியக்கடதாசியுடன் நேரே விண்ணப்பிக்கலாம். அங்கே காணி யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை, அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. தகவல் பதிந்த நாளில் யார் ஆட்சியில் இருந்தார் என்பதையே பார்ப்பர். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தலாம். இரண்டு மாதம் என்பது மிகக் குறுகிய காலம். பேசிப் பார்ப்போம், திருவிழா முடியட்டும் என்று நாட்களைக் கடத்துவோர் இந்தப் பரிகாரத்தை இழந்துவிடுவார்கள்.

எல்லா அடியையும் இணக்கத்தில் முடிக்கலாமா? குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவனுடைய விடயத்தை அயலவர் வேலிச் சண்டையைப் போல நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. சபை கூடிக் கலைந்ததும் அயலவர்கள் இருவரும் வெவ்வேறு வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பெண்ணோ அடித்தவனுடன் ஒரே தறப்பாளின் கீழ் போய்ப் படுக்கவேண்டும். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்று புத்தி சொல்லும் பெரியவர்களுக்கு, எம் போன்ற குருமாரும் அதில் அடக்கம், இது புரியவேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவர் தாமாகவோ பொலிஸார் மூலமாகவோ நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பன்னிரண்டு மாதம் வரை செல்லுபடியாகும் அக்கட்டளையால் கணவனை வீட்டுக்குள் நுழையாதபடி தடுக்கவும் முடியும். இதற்கு மத்தியஸ்த சபையின் சான்றிதழ் தேவையில்லை.