பொம்மைக்கூத்து குழந்தைகளுக்கு மட்டுமா? ராவணன் வரும் திரையில் பெரியவர்களைச் சிரிக்க வைத்த இருவர்!

பொம்மை ஷோ என்றாலே பள்ளி ஆண்டுவிழாவும் பர்த்டே பார்ட்டியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் தமிழ்நாட்டில் பாவைக்கூத்து, ஊர் அடங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்த கலை. பத்துத் தலை ராவணன், கும்பகர்ணன், சூர்ப்பணகை என அரக்கர் கூட்டமே வரும். நடுநடுவே வயிறு வலிக்கச் சிரிக்க வைக்க இரண்டு பேர் வருவார்கள். அதுவும் கொஞ்சம் 'ஏ' ரக காமெடி!

யார் அந்த இரண்டு பேர்?

உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். தென்மாவட்டத் தோல்பாவைக்கூத்தின் நிரந்தர காமெடி ஜோடி. ஒருவனுக்கு உச்சிக்குடுமி. இன்னொருவனுக்கு உளுவை மீன் போல தலை. ராமாயணத்தில் இவர்களுக்கு எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் கதைக்கு நடுவே புகுந்து, சண்டை போட்டு, நக்கல் அடித்து, ஊர்ப் பேச்சைப் பேசிவிட்டுப் போவார்கள்.

ராமனும் ராவணனும் பேசுவது ஏட்டுத் தமிழ். இவர்கள் பேசுவது பக்கத்து வீட்டுத் தமிழ். இரட்டை அர்த்தம் தாராளமாக இருக்கும். அடிதடியும் உண்டு.

ஒரே ஆள், இத்தனை குரலா?

ஆமாம். ஆட்டுத்தோலில் வெட்டி, வண்ணம் தீட்டிய பாவைகளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவதுதான் தோல்பாவைக்கூத்து. பெரும்பாலும் ஒருவரே பாவைகளையும் ஆட்டி, எல்லா பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். ராவணனின் கர்ஜனையும் உச்சிக்குடும்பனின் கேலியும் ஒரே தொண்டையில் இருந்துதான் வரும். இசைக்கும் பாட்டுக்கும் அவருடைய குடும்பத்தினரே துணை.

இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் பரம்பரையாக நடத்துபவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தினர். தஞ்சை மராட்டியர் காலத்தை ஒட்டி இங்கே வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ்!

இவ்வளவு காமெடி எதற்கு?

இதற்கு விடை தெரிய, கோவையில் இருந்து வாளையாறு தாண்டிப் பார்க்க வேண்டும். பாலக்காடு, சொர்ணூர் வட்டாரப் பகவதி கோயில்களிலும் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. இதற்கென்றே கட்டிய கூத்துமாடத்தில் 42 அடி நீளத் திரை, பின்னால் வரிசையாக 21 விளக்கு. அங்கே பாடப்படுவது நம்ம கம்பராமாயணம். பாட்டு தமிழில், விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து.

தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் ராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் எதிரே ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் விடிய விடிய கூத்து நடக்கும். பார்ப்பவள் அம்மன்தானே!

தமிழ்நாட்டு மண்டிகர் குடும்பங்களின் நிலைமை வேறு. ஊர் ஊராகப் போய், கொட்டகை போட்டு, கூட்டம் சேர்த்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். கூட்டம் கலையாமல் இருக்க உச்சிக்குடும்பன் வேண்டும். சிரிப்புதான் அவர்களுக்குச் சோறு.

கொங்குப் பக்கம் பொம்மலாட்டம் இல்லையா?

இருக்கிறது. சேலம் வட்டாரத்தில் நடப்பது மரப்பொம்மலாட்டம். நூல்களை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அதைத் தலையில் கிரீடம் போல மாட்டிக்கொள்வார் கலைஞர். பொம்மையின் கைகளை இயக்கக் கம்பிகள் உண்டு. சில பொம்மைகள் 4.5 அடி உயரம், 10 கிலோ எடை வரை இருக்கும். இங்கேயும் பிள்ளையார் பூஜை முடிந்ததும் முதலில் ஆட வருவது கோமாளிதான். ராஜாவோ அரக்கனோ அதற்கு அப்புறம்தான்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1984-ல் தொடங்கிய 'ஸ்பிட்டிங் இமேஜ்' டிவி தொடர் தலைவர்களை ரப்பர் பொம்மைகளாக்கிக் கலாய்த்தது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான பொம்மை நாடகமான 'அவென்யூ க்யூ' 2004-ல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையே வாங்கியது. மனிதன் சொன்னால் வம்பாகும் விஷயத்தைப் பொம்மை சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்த ரகசியம் உச்சிக்குடும்பனுக்கு முன்பே தெரியும்.

இப்போது என்ன சிக்கல்?

சினிமாவும் டிவியும் வந்த பிறகு கூட்டத்தைப் பிடிக்க, கூத்துக்குள் சினிமாப் பாட்டும் ஆட்டமும் புகுந்தன. ஆபாசம் என்ற பெயரும் சேர்ந்தது. 10 நாள் நடந்த ராமாயணம் இன்று பள்ளிகளிலும் விழாக்களிலும் அரை மணி, ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கும் பாவைகளை ஆட்டுகிறார்கள். அங்கெல்லாம் முதலில் கத்திரி விழுவது உச்சிக்குடும்பனின் பேச்சுக்குத்தான். அந்தப் பேச்சுக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. ஆட்டுபவரின் நாக்கில்தான் இருக்கிறது. அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளாவிட்டால் பாவை மியூசியத்தில் இருக்கும், ஜோக் இருக்காது.

கேரளத் தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோயில்களில் கூத்து நடப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மே வரை. கோவைக்காரர்களுக்குப் பாலக்காடு ஒன்றும் தூரமில்லை. தெற்கே போகும்போது எங்காவது தோல்பாவைக்கூத்து நடப்பதாகத் தெரிந்தால், ராவணன் வரும் வரை மட்டுமல்ல, உச்சிக்குடும்பன் வரும் வரையும் உட்கார்ந்து பாருங்கள்.