மலையில பழைய கார் வாங்கப் போறீங்களா? பெயிண்டை விடுங்க... பிரேக்கை பாருங்க!

ஊட்டி:

நீலகிரியில் நவம்பர் பிறந்தாலே பேச்சு ஒண்ணுதான். பனி! காஷ்மீர் மாதிரி இங்கே பனிக்கட்டி கொட்டாது. ஆனா நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி பின்னி எடுக்கும். காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் பக்கம் விடியற்காலையில் புல்லு வெள்ளை போர்வை போர்த்தி நிற்கும். ராத்திரி வெளியே நிறுத்தின வண்டியின் கண்ணாடியில் உப்பு தூவின மாதிரி பனி படிஞ்சிருக்கும்.

இந்தக் குளிரில் பிள்ளைகளை டூவீலரில் கூட்டிட்டு போக முடியலையே என்று, சீட்டுப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, ஒன்றரை லட்சம், இரண்டு லட்சத்துக்கு ஒரு பழைய கார் பார்க்கிற குடும்பங்கள் மலையில் ஏராளம். ஆனால் சமவெளியில் கார் பார்க்கிற மாதிரி இங்கே பார்த்தால் பணமும் போகும், சில நேரம் உயிருக்கே உலை வைக்கும். மலையில் கார் வாங்குகிறவர் என்ன பார்க்கணும்? இதோ...

ஏறினா போதாது, இறங்கணும்!

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். 50 கிலோ மீட்டர் தூரத்துக்குள் வண்டி கிட்டத்தட்ட 2 ஆயிரம் மீட்டர் ஏறணும். குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டி பாதையில் 36.

'வண்டி மேட்டுல சும்மா ஜிவ்வுனு ஏறுது' என்று புரோக்கர் சொல்வார். ஏறட்டும். ஏறும்போது வண்டி நின்னா ஓரம் கட்டிக்கலாம். இறங்கும்போது நிக்கலைன்னா? மலை வண்டிக்கு முதல் பரீட்சை இறக்கம்தான்.

2018 அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த சுற்றுலா கார் ஒன்று கல்லட்டி பாதையில் பள்ளத்தில் விழுந்தது. 2 நாள் கழித்துதான் ஆட்களே கண்டுபிடித்தார்கள். 5 பேர் பலி. அதன் பிறகு அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்கு கெடுபிடி வந்தது. மலைப்பாதை யாருக்கும் இரக்கம் காட்டாது.

பிரேக்கை எப்படி பார்ப்பது?

முதலில் பானெட்டை தூக்கி பிரேக் ஆயில் டப்பாவை பாருங்கள். புது ஆயில் வெளிறிய தேன் கலரில் இருக்கும். காபி டிகாஷன் மாதிரி கறுத்திருந்தால் பல வருஷமாக மாத்தலை என்று அர்த்தம்.

இதில் என்ன ஆபத்து? பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது 'டாட் 3' ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது சூட்டில் ஆயில் கொதித்து குமிழி வந்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிக்காது. மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

அடுத்து, இன்ஜினை ஆப் செய்துவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை அமுக்குங்கள். பெடல் கல்லு மாதிரி ஆகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசா கீழே இறங்கினால் பூஸ்டர் நல்லா இருக்கு. இறங்கலைன்னா செலவு இருக்கு.

பிறகு ஒரு நல்ல இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறக்கிப் பாருங்கள். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஸ்டியரிங் நடுங்கக் கூடாது. கீழே வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்து பக்கமும் போய் நில்லுங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாசனை, சூடு அடித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஹேண்ட் பிரேக்கையும் விடாதீர்கள். மலையில் வீட்டு வாசலே சரிவுதான். மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை எடுத்துவிட்டு பாருங்கள். ஒரு இஞ்ச் கூட நகரக் கூடாது. செய்யும்போது கால் பிரேக் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சமா?

வண்டி விற்கிறவர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு ஓட்டினால் அப்போதே உஷாராகிடுங்கள். அவர் அப்படி ஓட்டி ஓட்டி பிரேக்கை தேய்த்திருப்பார்.

இதில் மிச்சமும் இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போனால்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க பெட்ரோல் செலவாகும். அதனால் கியரில் இறங்குவதே சிக்கனம், அதுவே பாதுகாப்பு. இன்ஜினை ஆப் செய்து இறக்குவது அதைவிட மோசம். பிரேக்குக்கு பூஸ்டர் உதவி போகும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

காலையில ஆறு மணிக்கு போங்க

பழைய கார் பார்க்க மத்தியானம் வெயிலில் போகாதீர்கள். பனி காலத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு போங்கள். 'நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேலே கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று யோசியுங்கள்.

குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும். 0 டிகிரி பக்கம் வந்தால் ஏறக்குறைய கால் பங்கு சக்தி காலி. அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு கூடுதல் சக்தி கேட்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆன வண்டி, தலைக்குந்தாவில் 'டொக்... டொக்' என்று நிற்பது இதனால்தான். டீசல் வண்டி என்றால் குளோ பிளக் வேலை செய்யுதா என்பதும் அந்த நேரத்தில் தெரிந்துவிடும்.

புகை சொல்லும் சேதி

ஸ்டார்ட் செய்ததும் பின்னாடி ஓடிப்போய் புகையை பாருங்கள். குளிர் காலையில் முதல் சில நிமிஷம் வெள்ளையா ஆவி வருவது சகஜம். பயம் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் கெட்டியா வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் தண்ணி உள்ளே இறங்குது, ஹெட் கேஸ்கெட் பிரச்சினையாக இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரியுது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம் போகுது.

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மலையில் கறுப்புப் புகை ஒரு வியாதி. மேலே காற்று அடர்த்தி குறைவு. கீழே டியூனிங் செய்த வண்டி மேலே வந்தால் பெட்ரோல் அதிகமாகி திணறும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே சரி செய்துகொள்ளும்.

ஆனால் எந்த சாதாரண இன்ஜினுக்கும் ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். ஊட்டி உயரத்தில் கணக்குப் போட்டால் 20 சதவீதத்துக்கு மேல் போய்விடும். டர்போ டீசலுக்கு இந்த அடி குறைவு. 800 சிசி காரில் அஞ்சு பேரும் மூட்டையும் ஏற்றி கோத்தகிரி மேட்டில் முதல் கியரிலேயே முக்கி முனகுவது இதனால்தான். வீட்டில் எத்தனை பேர், என்ன சுமை என்று பார்த்து இன்ஜினை தேர்ந்தெடுங்கள்.

கிலோ மீட்டரை நம்பாதீங்க

'வெறும் 50 ஆயிரம்தான் ஓடியிருக்கு' என்பார்கள். மலையில் ஓடின 50 ஆயிரமும் சமவெளியில் ஓடின 50 ஆயிரமும் ஒண்ணு கிடையாது. மேட்டில் அரை கிளட்ச்சில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மேட்டில் மூன்றாவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. மிதியடி ரப்பர் மொழுமொழுன்னு தேய்ந்திருந்து மீட்டர் மட்டும் 30 ஆயிரம் காட்டினால், மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கு என்பதோடு வயசையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கு குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. பனி பெய்த ரோட்டில் மொட்டை டயர் எண்ணெயில் கால் வைத்த மாதிரி வழுக்கும். ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள்.

ஏ.சி. முக்கியமில்ல, ஹீட்டர் முக்கியம்

கோவையில் கார் வாங்கினால் ஏ.சி.யை பார்ப்போம். இங்கே ஹீட்டரை பார்க்கணும். உள்ளே நாலு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடி மூடிக்கொள்ளும். சூடான காற்று கண்ணாடிக்கு அடிச்சால்தான் ரோடு தெரியும். வைப்பர், மூடுபனி விளக்கு இரண்டும் வேலை செய்யணும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணியா, கூலன்டா என்று பாருங்கள். இன்ஜின் ஆறின பிறகுதான் மூடியை திறக்கணும். துரு கலந்த செம்மண் தண்ணி வந்தால் கவனிக்காத வண்டி. பனி பிடித்த கண்ணாடி மேல் சுடுதண்ணி ஊற்றும் பழக்கம் வேண்டாம். கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

கீழே இருந்து 'சல்லிசா' வரும் வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏகப்பட்ட கார்கள் தண்ணியில் மூழ்கின. சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேறு கறை இருக்கா? மிதியடி விரிப்பை தூக்கி முகர்ந்து பாருங்கள். மக்கின வாசனை வருதா? சீட்டுக்கு கீழே போல்ட் எல்லாம் துருவா? வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அடியில் குனிந்து டார்ச் அடித்து துருவையும் பாருங்கள். பளபளன்னு புது கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசா தட்டுங்கள். பொத பொதன்னு சத்தம் வந்தால் உள்ளே ஒண்ணும் இல்லை.

பேப்பர் பத்திரம்

கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளா, கர்நாடகா பதிவு வண்டி விலை குறைவாக கிடைக்கும். வாங்கும் முன் கணக்கு போடுங்கள். வேறு மாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. தடையின்மை சான்று வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்டணும். சல்லிசு விலை அங்கேயே சரியாகிவிடும்.

ஆர்.சி. புக்கில் கடன் பதிவு இருந்தால் எச்.பி. கேன்சல் செய்து தராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்கணும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

சொந்த உபயோக காருக்கு பதிவு 15 வருஷம்தான். பிறகு வண்டியை காட்டி 5 வருஷத்துக்கு புதுப்பிக்கணும். இந்த மத்திய அரசு கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக ஏறியது. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-ல் 10 ஆயிரம் ஆனது. 14 வருஷ வண்டியை அடிமாட்டு விலைக்கு தருகிறார்கள் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

2024 மே 7-ந் தேதி நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தபோது டி.என்.43 வண்டிகளுக்கு விலக்கு தரப்பட்டது. கோவை பதிவு வண்டியை வாங்கி பெயர் மாற்றினாலும் நம்பர் மாறாது. சோதனைச் சாவடியில் கேள்வி வரலாம். உள்ளூர் விலாசம் உள்ள ஆர்.சி. கையில் இருந்தால் பேச்சு குறையும்.

பழைய வண்டியை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வண்டி நாலு கை மாறினாலும், விபத்து நடந்தால் நஷ்டஈடு உங்கள் தலையில் விடியும். பெயர் மாறும் வரை விடாதீர்கள்.

கையில கொஞ்சம் வைங்க

கடைசியா முக்கியமான விஷயம். உங்களிடம் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு பாருங்கள். மிச்சப் பணத்தில் முதல் வாரமே பிரேக் ஷூ, பிரேக் ஆயில், பேட்டரி, தேவைப்பட்டால் இரண்டு டயர். சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அடுத்த போனசுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தெரிந்த மெக்கானிக்கை கூட கூட்டிட்டு போய், அவருக்கு ஒருநாள் கூலி கொடுங்கள். அந்த சில நூறு ரூபாய்க்கு கணக்கு பார்த்தால், பல ஆயிரத்துக்கு அழ வேண்டி வரும். விற்கிறவர் காலை ஸ்டார்ட்டுக்கும், இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கவும் சம்மதிக்கலையா? கும்பிடு போட்டுட்டு அடுத்த வண்டியை பாருங்க!