நரம்பு மண்டலப் பாடத்துக்குப் பிறகு: மூளையைப் படிக்க ஓர் உயர்கல்வி வழி

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் பாடத்தை நியூரானின் படம், மூளையின் பாகங்கள், அனிச்சைச் செயல் என்று நடத்தி முடிக்கிறோம். "இதையே மேற்கொண்டு படிக்க முடியுமா?" என்று ஒரு மாணவர் கேட்டால், "டாக்டருக்குப் படிக்க வேண்டும்" என்பதே நம்மில் பலரின் பதில். அது பாதிதான் சரி. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருந்தும், விரும்பும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. நீட் மதிப்பெண் குறைந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று துவண்டுபோகும் மாணவர்களுக்கு மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நரம்பு மண்டலம் எப்படி இயங்குகிறது, நோயில் எங்கே பழுதாகிறது என்று ஆராயும் துறை மருத்துவ நரம்பு உயிரியல். ஓய்வு நிலையில் உள்ள ஒரு நியூரானின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. இந்த நிலை தொடர்வதற்கு உதவும் சவ்வுப் புரதம், ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. மின்னழுத்தம் இயற்பியல், அயனி வேதியியல், சவ்வு உயிரியல். எனவே விலங்கியல், உயிர்வேதியியல், இயற்பியல், உளவியல், பொறியியல் என்று பல துறைப் பட்டதாரிகளும் இங்கே வர முடிகிறது.

முதுகலையில் நரம்பு உடற்கூறியல், நரம்பு உடலியங்கியல், நரம்பு வேதியியல், மருந்தியல், மூளை வளர்ச்சி, நோய்க்குறியியல் ஆகியவை முக்கியப் பாடங்கள். புள்ளியியலும் கணினி நிரலாக்கமும் கூடவே தேவைப்படும். பல நிறுவனங்களில் மாணவர் சில மாதங்களுக்கு ஓர் ஆய்வகம் என்று மாறி மாறிப் பயிற்சி பெற்று, பிறகு ஆய்வேடு எழுதுகிறார். முனைவர் பட்டம்வரை செல்ல மேலும் ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். இந்தப் பட்டம் பெற்றவர் ஆராய்ச்சியாளரே. நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அல்லர். இதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே படிக்கலாம்? பெங்களூரு நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் நிறுவனத்தின் நரம்பியல் மையம், ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகியவை முதன்மையானவை. எங்கள் படப்பைப் பகுதியிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்திலும் இரண்டு இடங்கள் உண்டு. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப் பகுதிகளைப் படமாக்கி, 'தரணி' என்ற வரைபடத் தொகுப்பாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஸ்மார்ட் வகுப்பறைத் திரையிலும் காட்டலாம்.

இரு வழிகளுக்கும் முன்மாதிரிகள் உண்டு. வி.எஸ்.ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த பிறகு ஆராய்ச்சிக்குச் சென்றவர். இழந்த கையில் வலி தோன்றுவோருக்கு ஒரு கண்ணாடியைக் கொண்டு நிவாரணம் தரும் முறையை உருவாக்கினார். விஜயலட்சுமி ரவீந்திரநாத், உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் நிறுவன இயக்குநரானவர்.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். நெட் தேர்வு வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் அந்த நிலை பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகுதான். அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகளுக்குக் கல்லூரிக் கட்டணம், விடுதி, பிற உதவித்தொகைகள் பற்றி, பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் மாணவரோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

வகுப்பில் தொடங்க ஓர் அளவுகோல் போதும். ஒருவர் அதைச் செங்குத்தாகப் பிடித்துச் சட்டென விட, மற்றவர் இரு விரல்களால் பிடிக்கட்டும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால், எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து கைக்கும் செய்தி சென்ற நேரம் அதற்குள் அடக்கம். பத்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு உண்டா என்று யாராவது கேட்டால், அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவரிடம் இந்த வழியைப் பற்றிப் பேசலாம்.