செவியின் அமைப்பு

கோயில் மணி ஒலிக்கிறது. தொலைவில் நிற்கும் நாம் அதனைக் கேட்கிறோம். மணியின் அதிர்வு காற்றில் அலைகளை எழுப்ப, அவ்வலைகள் நம் செவியை வந்தடைகின்றன. காற்றின் அசைவு ஓசையாக உணரப்படுவது எவ்வாறு? அதனை அறியச் செவியின் அமைப்பை அறிதல் வேண்டும்.

செவி, புறச்செவி, நடுச்செவி, உட்செவி என மூவகைப்படும். வெளியே தோன்றும் செவிமடல் ஒலியலைகளைத் திரட்டிச் செவிக்குழலினுள் செலுத்துகிறது. அக்குழலில் உண்டாகும் குறும்பி, தூசி உட்புகாதவாறு தடுக்கிறது. குழலின் முடிவில் மெல்லிய சவ்வு ஒன்று முரசின் தோல்போல் அமைந்துள்ளது. அதுவே செவிப்பறை. ஒலியலைகள் தாக்கும்போது அஃது அதிர்கிறது.

செவிப்பறைக்கு அப்பால் நடுச்செவி உள்ளது. இங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என உருவத்தால் பெயர்பெற்ற மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. நம் உடலின் எலும்புகள் யாவற்றினும் சிறியது அங்கவடியே. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அகன்ற செவிப்பறை பெற்ற அதிர்வை இவ்வெலும்புகள் உட்செவியின் சிறிய வாயிலில் கொண்டு சேர்க்கின்றன. அதனால் அழுத்தம் ஏறத்தாழ 20 மடங்கு மிகுகிறது. உட்செவியில் நிறைந்துள்ள நீரை அசைக்க இம்மிகுதி இன்றியமையாதது.

உட்செவியில் நத்தையின் ஓடுபோல் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதனுள் நீளவாக்கில் அமைந்த சவ்வு, அடியில் குறுகி விறைப்பாகவும், நுனியில் அகன்று நெகிழ்வாகவும் உள்ளது. ஆதலின், குழந்தையின் கீச்சொலி அடிப்பகுதியையும், பேரிகையின் ஆழ்ந்த ஒலி நுனிப்பகுதியையும் மிகுதியாக அசைக்கின்றன. ஹங்கேரியில் பிறந்த பெக்கெசி என்னும் அறிஞர் இவ்வசைவை ஆராய்ந்து, 1961ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

அச்சவ்வின்மேல் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சவ்வு அசையும்போது அவற்றின் நுண்மயிர்கள் வளைகின்றன. அவ்வளைவு மின்குறிப்பாக மாறிச் செவிநரம்பின் வழியே மூளையை அடைகிறது. அதனை மணியோசை என்று உணர்வது மூளையே.

தோலில் தோன்றிய புண் ஆறும். முறிந்த எலும்பும் கூடும். மயிரணுக்களோ ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் தோன்றுவதில்லை. வெடியோசை, ஒலிபெருக்கியின் முழக்கம், காதில் பொருத்திய கருவியில் உரத்து ஒலிக்கும் பாட்டு ஆகியவை, பல வேளைகளில் நோவும் தோன்றாமலே, அவற்றைச் சிறிது சிறிதாக அழிக்கவல்லன. குச்சியையோ ஊசியையோ செவியினுள் நுழைத்தால் செவிப்பறை கிழியவும் கூடும். கண்ணைக் காக்க இமை உண்டு. செவிக்கு அத்தகைய மூடி இல்லை. அதனைக் காக்க வேண்டியது நம் அறிவே.